விடுதி போனில் வீட்டுக்குப் பேசுவதை முதலாளி பதிவு செய்யலாமா?

பூம்பாறைக்காரன்:
கொடைக்கானலில் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறேன். ஊழியர் குடியிருப்பு பள்ளத்தில் இருப்பதால் செல்லில் டவர் கிடைக்காது, அங்கே மாட்டியிருக்கும் விடுதி போனில்தான் எல்லாரும் வீட்டுக்குப் பேசுவோம், முதலாளியே பேசிக்கச் சொன்ன போன் அது. போன வாரம் அம்மாவிடம், பூண்டு எடுக்க ஆள் கிடைக்கலைன்னா லீவு சொல்லிட்டு வர்றேன் என்றேன். மறுநாள் நான் வாயைத் திறக்கும் முன்பே மேனேஜர், "பூண்டுக்கெல்லாம் லீவு கிடையாது" என்கிறார். விசாரித்தால், ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் புதிதாக ஒரு பெட்டி, எல்லா அழைப்பும் அதில் பதிவாகிறதாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது சட்டப்படி சரியா?

திண்டுக்கல் வக்கீல்:
சரியில்லை தம்பி. ஒட்டுக்கேட்க உத்தரவு போடும் அதிகாரம் அரசுக்குத்தான், அதுவும் பொது அவசரம், பொதுப் பாதுகாப்பு என்று வந்தால் மட்டும். போன் பேச்சும் அந்தரங்க உரிமையில் அடக்கம் என்று 1996-லேயே, மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) என்ற அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உள்துறை அமைச்சகம் 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவையே 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் 42-ஆம் பிரிவில், சட்டவிரோதமாக இடைமறித்துக் கேட்டால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "என் லைன், என் பெட்டி" என்று முதலாளி வாதாடுவார், அதற்கும் தயாராக இருங்கள்.

ஏரிச்சாலை காட்டேஜ்:
நானும் பதிவு செய்கிறேன், சீசனில் ஒரே ரூமைக் கேட்டு இரண்டு குடும்பம் வந்து நிற்கும்போது அந்தப் பதிவுதான் காப்பாற்றும். தனிநபர் தரவுச் சட்டத்திலேயே நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ள இடம் இருக்கிறதே சார்.

திண்டுக்கல் வக்கீல்:
7-ஆம் பிரிவைச் சொல்கிறீர்கள். அது ஊழியரைப் பற்றிய தரவுக்கு. பூம்பாறையில் போனை எடுத்த அம்மா யாருக்கு ஊழியர்? அவரைப் பதிவு செய்ய யார் சம்மதம் வாங்கினார்கள்? இங்கிலாந்தில் நிறுவனங்கள் தங்கள் லைனைக் கண்காணிக்கத் தனி விதியே உண்டு, அங்கேயும் அந்த லைனில் பேசுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க முயற்சி எடுத்தாக வேண்டும்.

இன்டர்காம் மெக்கானிக்:
அண்ணே, அந்தப் பெட்டி வாய்ஸ் லாகராகத்தான் இருக்கும், அழைப்புகளைத் தானாகப் பதிவு செய்து வைக்கும் கருவி. எந்த எக்ஸ்டென்ஷனை, அதாவது விடுதிக்குள் எந்த இணைப்பைப் பதிவு செய்யணும், எதை விடணும் என்று பெரும்பாலான லாகரில் செட் பண்ணலாம். புக்கிங் எடுக்கும் ரிசப்ஷன் லைனை மட்டும் வைத்துவிட்டு குடியிருப்பு லைனை நீக்கச் சொல்லுங்கள். பில்லுக்குத்தான் என்றால் எந்த நம்பருக்கு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பது விடுதியின் இன்டர்காம் எக்ஸ்சேஞ்சிலேயே தனியாக வரும், பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

பூம்பாறைக்காரன்:
நன்றி அண்ணே. சார், இதுவரை பதிவானதை அழிக்கச் சொல்லலாமா?

திண்டுக்கல் வக்கீல்:
இப்போது வேண்டாம். புகார் வரைக்கும் போனால் அதுதான் உங்களுக்குச் சாட்சி. குடியிருப்பு லைனில் பதிவை நிறுத்தும்படி எழுத்தில் கொடுங்கள், பேசுகிற எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், நகலில் தேதியோடு மேனேஜர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.