மறு: ‘வின்னிங் பிட்டர்’ – ‘வெற்றி’ வேண்டாமே

வணக்கம்.

ஆன்லைன் ஏலத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில், ஏலம் யார் பேரில் முடிகிறதோ அவரைக் குறிக்கும் ‘வின்னிங் பிட்டர்’ என்பதற்கு ‘வெற்றி ஏலதாரர்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அந்த ‘வெற்றி’தான் உறுத்துகிறது. ஏலத்தில் ஜெயித்தவருக்குக் கோப்பையா கொடுக்கிறார்கள்? அந்த நிமிடத்திலிருந்து அவர் கடன்காரர்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ரோட்டோரப் புளியமரங்களை மகசூலுக்கு ஏலம் விடுவார்கள். ஒரு வருஷம் ‘மூணு தரம்’ சொல்லி முடித்ததும் என் மாமா மடியை அவிழ்த்து, எச்சில் தொட்டு நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்தார். அந்த வருஷம் காய்ப்பு மோசம். மீதிப் பணத்துக்கு அத்தையின் தோடு அடகுக்கடைக்குப் போனது. ஊரில் யாரும் அவரை ஜெயித்தவர் என்று சொல்லவில்லை, ‘ஏலம் எடுத்தவர்’ என்றுதான் சொன்னார்கள். “எடுத்தாச்சுல்ல, கட்டித்தானே ஆகணும்” என்றார் அத்தை. எடுப்பது என்று சொன்னாலே பொருளோடு பாரமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

சட்டம் சொல்வதும் அதைத்தான். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, சுத்தியல் தட்டும்வரை கேட்டவர் பின்வாங்கலாம். தட்டிவிட்டால் விற்பனை முடிந்தது. ஆன்லைனில் தட்ட ஆள் இல்லை, கடிகாரம் ஓடி நிற்கிறது, அவ்வளவுதான்.

கடன் கட்டாதவர் அடமானம் வைத்த சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் வங்கிகள் விடும் வீடு, மனை ஏலம் இன்னும் கறார். டேவணியையும் (ஏலத்தில் கலந்துகொள்ள முதலிலேயே கட்டும் முன்பணம்) சேர்த்து விலையில் 25 சதவீதத்தை அன்றைக்கே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி, விற்பனை உறுதியான 15 நாளில். எழுத்து மூலம் கூடுதல் அவகாசம் வாங்கினாலும் மூன்று மாதத்தைத் தாண்டாது. கட்டாவிட்டால் கட்டிய பணம் போச்சு, சொத்து மறு ஏலத்துக்குப் போகும். அப்படி 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது சரியே என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்ற ஏலத்தில் இதைவிட ஒரு படி மேல்: மறு ஏலத்தில் விலை குறைந்தால், அந்தக் குறைச்சலும் முதலில் எடுத்தவர் தலையில்தான்.

‘வின்னிங் பிட்டர்’ என்பதற்கு நம் குழுவின் கோவை நண்பர் சொன்ன ‘உச்சக் கேள்வியாளர்’ நல்ல சொல்தான், ஆனால் வேறு இடத்துக்கு. அதிக விலை கேட்டவுடனே ஒருவர் எடுத்தவர் ஆகிவிடுவதில்லை. வங்கி ஏலத்தில் அதிகாரி அவர் பேரில் உறுதி செய்ய வேண்டும். அதுவரை அவர் உச்சமாகக் கேட்டவர், அப்புறம்தான் எடுத்தவர். இரண்டு நிலைக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் பணத்தோடு விளையாடுகிறோம்.

ஏலத்தில் விலை கேட்பதைக் குறிக்கும் ‘கேள்வி’யிலும் ஒரு சிக்கல். பஞ்சாயத்து அறிவிப்பில் ‘ஏலக்கேள்வி’ என்று இருந்தால் எல்லோருக்கும் புரியும். செல்போன் திரையில் ‘உங்கள் கேள்வி பதிவானது’ என்று வந்தால், பதில் எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பார்கள்! அதனால் ‘கேட்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, என் பரிந்துரை: கேட்பு, உச்சக் கேட்பாளர், ஏலமெடுத்தவர். கட்ட வேண்டிய பொறுப்புக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், ‘கடப்பாடு’ இருக்கிறது. உறுதியானதும் திரையில் ‘வாழ்த்துகள், வென்றுவிட்டீர்கள்’ என்று பட்டாசு வெடிக்காமல் இப்படி வரட்டும்:

“ஏலம் உங்கள் பேரில் முடிந்தது. மீதித் தொகையை 15 நாளுக்குள் கட்டவும்.”