தாத்தா வாட்ச் திக்குகிறது

குழு: தாத்தா வீடு

நிலா: தாத்தா வாட்சுக்கு நேற்று சாவி கொடுத்தேன். ஓடுகிறது. ஆனால் வினாடி முள் திக்குகிறது. கொஞ்சம் நிற்கும், அப்புறம் ஒரு குதி குதிக்கும். திங்கட்கிழமை எனக்கு முதல் வார்டு டியூட்டி. போன் எடுத்துப்போக முடியாது. நாடி பார்க்க வினாடி முள் வேண்டும். யாருக்காவது தெரியுமா?

நிலா: [வீடியோ 0:41]

பெரியம்மா: காலை வணக்கம் 🌹🌹

பெரியம்மா: பேட்டரி மாற்று கண்ணா

கதிர்: அது சாவி வாட்ச் பெரியம்மா. பேட்டரியே கிடையாது

பெரியம்மா: அப்போ அது எதற்கு

அப்பா: அந்த வாட்ச் அங்கே எப்படி வந்தது?

மல்லிகா அத்தை: நான்தான் கொடுத்தேன் அண்ணா. அலமாரியில் சும்மாதானே கிடந்தது

அப்பா: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்

பெரியப்பா: ஆரம்பித்துவிட்டான்

ரகு சித்தப்பா: நிலா, வீடியோ பார்த்தேன். முதலில் ஒன்று. பெரியம்மாவின் சந்தேகத்தில் தப்பில்லை. பேட்டரி வாட்ச் சிலவற்றில் பேட்டரி தீரும் நேரத்தில் முள் இரண்டு வினாடி சும்மா இருந்துவிட்டு இரண்டு கோடு சேர்த்துத் தாண்டும். அது வாட்ச் நமக்குக் காட்டும் ஜாடை. சாவி வாட்சில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே பேலன்ஸ் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பல்சக்கரங்கள் சின்னதாக ஒருமுறை நகரும். தாத்தா காலத்து வாட்சில் பெரும்பாலும் மணிக்கு 18,000 முறை. 3,600-ஆல் வகு, வினாடிக்கு 5. இப்போது வருகிற பலவற்றில் 28,800, அதாவது வினாடிக்கு 8. ஆக, முள் வழுக்கிக்கொண்டு போவதாகத் தெரிவதே கண்ணின் ஏமாற்றம்தான். அந்த நகர்வுகள் சீராக இருந்தால் கவலை இல்லை. இப்போது சொல்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறதா, இடம் மாறி மாறியா?

கதிர்: பத்து மதிப்பெண் வினா

பெரியப்பா: 😀

நிலா: இடம் மாறித்தான் சித்தப்பா. ஒரு தடவை 4-க்குப் பக்கத்தில், அடுத்த தடவை 9 தாண்டி. இரண்டு மூன்று கோடு தூரம்கூடக் கிடையாது, ஒன்று ஒன்றரைதான். தட்டினால் முள் நடுங்குகிறது

ரகு சித்தப்பா: நல்லது. ஒரே இடம் என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிற சக்கரத்தில் ஒரு பல்லில் அழுக்கு இருக்கலாம், அல்லது முள் வளைந்து கண்ணாடியில் எங்கோ உரசலாம். நிமிட முள்ளைத் தாண்டும்போது மட்டும் தயங்கினால் இரண்டு முள்ளும் இடிக்கின்றன என்று அர்த்தம். உன்னுடையது இது எதுவும் இல்லை. நேரம் சரியாகக் காட்டுகிறதா?

மல்லிகா அத்தை: பழைய ஆல்பம் எடுத்தேன். [படம்] அப்பா கையில் பாருங்கள், அதே வாட்ச்

பெரியம்மா: யார் அந்த அழுகிற குழந்தை

மல்லிகா அத்தை: ரகு அண்ணா

ரகு சித்தப்பா: நான் இல்லை. அது கதிரின் அப்பா

அப்பா: எனக்கு அந்த வயதில் அந்தச் சட்டையே கிடையாது

பெரியப்பா: சட்டை என்னுடையது. நான் போட்டுக் கிழித்த பிறகு ஒவ்வொருவராகப் போட்டீர்கள்

நிலா: நேற்று ராத்திரி 9 மணிக்குப் போனைப் பார்த்து வைத்தேன். இப்போது 10 வினாடி பின்னால். அவ்வளவுதான்

ரகு சித்தப்பா: அப்படியானால் வாட்சின் உயிருக்கு ஒன்றும் இல்லை! எண்ணெய் காய்ந்திருந்தால் மொத்தமாகத் தளர்ந்திருக்கும், சில சமயம் நின்றேபோகும். காந்தம் பிடித்திருந்தால் பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிமிடக் கணக்கில் முன்னால் ஓடும். இது இரண்டும் இல்லை.

ரகு சித்தப்பா: விஷயம் இதுதான். சில வாட்சில் வினாடி முள், சக்தி போகிற பாதையிலேயே உள்ள சக்கரத்தில் இருக்கும். அதில் முள் துள்ளாது, பின்னாலிருந்து எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். நம்முடையதில் அந்தச் சக்கரம் நடுவில் வராது. அந்தப் பாதையில் மூன்றாவதாக வரும் சக்கரத்தின் முதுகில் இன்னொரு சக்கரத்தை ஏற்றியிருக்கும், அது நடுவில் உள்ள ஒரு குட்டிப் பல்லுருளையைச் சுழற்றும். வினாடி முள் அந்த உருளையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த உருளைக்குப் பின்னால் வேலை எதுவும் கிடையாது, வெறும் விருந்தாளி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் அது இஷ்டத்துக்கு முன்னும் பின்னும் ஆடும். முன்னால் தள்ளாடிப் போய் நிற்கும், துரத்துகிற பல் வந்து சேரும்வரை காத்திருக்கும், அப்புறம் குதிக்கும். அதனால் அதன் தலையில் ஒரு மெல்லிய தகடு ஸ்பிரிங் லேசாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பின் மூடியைத் திறந்ததும் மேலேயே தெரியும், ஒரே ஒரு திருகுதான். அது தளர்ந்தாலோ வளைந்தாலோ முள் இப்படித்தான் திக்கும். ரொம்ப இறுக்கினாலும் தப்பு, பேலன்ஸ் சக்கரத்தின் ஆட்டம் குறைந்துவிடும். அந்தத் தகடு மொத்தமாகவே இல்லாவிட்டாலும் நேரம் சரியாகத்தான் காட்டும். அதுதான் இதில் வேடிக்கை.

கதிர்: அந்தத் திருகு எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூடத் தெரிந்திருக்கிறதே

பெரியப்பா: ரகு

பெரியப்பா: மூடியைத் திறந்ததும் மேலேயே தெரியும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

ரகு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நிலா: சித்தப்பா என்ன போட்டீர்கள்

ரகு சித்தப்பா: எங்கேயோ படித்தது

அப்பா: எந்த வருடம் படித்தாய்?

பெரியப்பா: பத்தாம் வகுப்பு லீவில் படித்திருப்பான்

பெரியம்மா: எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்

அப்பா: அந்த லீவில்தான் அப்பா என்னை அறைந்தார். வாட்சைக் கீழே போட்டாயா என்று கேட்டு. நான் தொடவே இல்லை என்று எத்தனை தடவை சொன்னேன்

மல்லிகா அத்தை: அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தையல் மெஷின் டிராயரில் பொத்தான் டப்பாவைப் பார்க்கச் சொல்கிறார்கள்

மல்லிகா அத்தை: இருங்கள்

கதிர்: 🍿

மல்லிகா அத்தை: [படம்]

மல்லிகா அத்தை: சட்டைப் பொத்தான்களுக்கு அடியில் காகிதத்தில் மடித்து வைத்திருந்தது. ஒரு மஞ்சள் தகடு, புருவ முடி அளவு. எறும்புத் தலை மாதிரி ஒரு திருகு. ரகு அண்ணா பெட்டியில் கிடைத்தது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தேன் என்கிறார்கள்

பெரியப்பா: அம்மாவுக்கு இத்தனை வருடமாகத் தெரியும்!

மல்லிகா அத்தை: எதன் பாகம் என்று தெரியாதாம். தையல் மெஷினுடையது என்று நினைத்தார்களாம்

ரகு சித்தப்பா: மூடியைத் திறந்து பார்த்தேன். அந்தத் திருகு கழன்று வந்துவிட்டது. திரும்பப் போடத் தெரியவில்லை. வாட்ச் ஓடியது, அதனால் மூடிவிட்டேன். அண்ணா, போன் எடு

அப்பா: எடுக்க மாட்டேன். இங்கேயே எழுது

நிலா: திங்கட்கிழமை நான் என்ன செய்ய 🙏

ரகு சித்தப்பா: இப்போதைக்கு இப்படியே பயன்படுத்தலாம். முள் திக்கினாலும் அறுபது வினாடியின் மொத்தக் கணக்கு சரிதான். ஆரம்பத்திலும் முடிவிலும் முள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஒரு துடிப்பு இரண்டு துடிப்பு கூடக் குறைய வரலாம். ஆனால் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்காதே. அந்தத் தப்பும் நான்கு மடங்காகும். முழு நிமிடம் எண்ணு

கதிர்: வார்டில் கையில் வாட்ச் கட்ட விடுவார்களா? முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்று என் நண்பனுக்குச் சொன்னார்கள்

நிலா: ஐயோ. கேட்டுப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் பட்டையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வேன்

பெரியப்பா: அந்தத் தகட்டோடு சேர்த்து ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். எண்ணெயும் போட்டுவிடுவார்

மல்லிகா அத்தை: யார் கொண்டுபோவது

பெரியம்மா: அதுக்குப் புதுசே வாங்கிவிடலாம்

அப்பா: வேண்டாம்

ரகு சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்

அப்பா: வா. திருகாணிக் கருவி எதுவும் எடுத்துக்கொண்டு வராதே