முதல் ஐரோப்பியப் பயணம், இரண்டு பேர், 13 இரவு: இந்தத் திட்டம் தாங்குமா?

கோவைக்காரன்:

வணக்கம். நானும் மனைவியும் முதல்முறையாக ஐரோப்பா கிளம்புகிறோம். 2026 செப்டம்பர் 12 சனிக்கிழமை அதிகாலை சென்னையில் விமானம். 26 சனிக்கிழமை திரும்பிவிட வேண்டும். டூர் கம்பெனியோடு போவதில் விருப்பமில்லை, ரயிலிலேயே சுற்றலாம் என்று போட்டு வைத்த வரைவு இது:

ஆம்ஸ்டர்டாம் 2 இரவு, பிரஸ்ஸல்ஸ் 1, பாரிஸ் 2, சூரிச் 1, இன்டர்லாகன் 1, மிலான் 1, வெனிஸ் 1, ஃப்ளாரன்ஸ் 1 (அன்றே பைசா போய்வருவது), ரோம் 2, கடைசியில் மறுபடி ஆம்ஸ்டர்டாம் 1, அங்கிருந்து ஊருக்கு.

ரொம்ப நெருக்கிவிட்டேனா? விசா எந்த நாட்டுக்குப் போடுவது? பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் வாங்கினால் லாபமா? மனைவி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பொடி, நெய் எடுத்துப் போக விடுவார்களா?

ஊர்சுற்றி:

நெருக்கியதோடு விடவில்லை, பிழிந்துவிட்டீர்கள். 13 இரவில் 9 முறை பெட்டி கட்டுகிறீர்கள். ஊர்களுக்கு இடையே ரயில் 2 மணி நேரம்தானே என்று கூகுள் மேப்பைப் பார்த்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

வெனிஸிலிருந்து ஃப்ளாரன்ஸ் போகும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிவேக ரயிலில் 2 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் காலை 10 அல்லது 11 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் படி ஏறி இறங்கி, நீர்ப்பேருந்து பிடித்து, அரை மணி முன்னதாக ஸ்டேஷனில் நிற்க வேண்டும். இறங்கிய ஊரில் ஹோட்டலைத் தேடிப் போனால் அறை 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டு, சாப்பிட்டு நிமிர்ந்தால் மாலை 4. ஆக, ஒரு இரவு தங்கும் ஊரில் உங்கள் கைக்கு வருவது ஒரு சாயங்காலம்தான். இரண்டு இரவு தங்கினால் ஒரு முழு நாள், மூன்று தங்கினால் இரண்டு. நாட்டை எண்ணாதீர்கள், இந்த முழு நாட்களை எண்ணுங்கள். உங்கள் வரைவில் அப்படிப்பட்ட நாள் மொத்தமே மூன்று, அதிலும் ஒன்று வந்து இறங்கிய களைப்பில் போய்விடும்.

ரோமிலிருந்து ஆம்ஸ்டர்டாம் திரும்புவதும் வீண். டிக்கெட் தேடும்போது ‘ரவுண்ட் டிரிப்’ வேண்டாம், ‘மல்டி சிட்டி’ போடுங்கள். சென்னை–பாரிஸ் போக, ரோம்–சென்னை வர. தோஹா, துபாய் வழியாகப் போகும் நிறுவனங்கள் இரண்டு ஊருக்குமே பறக்கின்றன. பெரும்பாலும் போக வர ஒரே ஊர் என்று எடுக்கும் விலைக்கு அருகிலேயே இருக்கும். ஒரு நாளும் ஒரு உள்ளூர் விமானச் செலவும் மிச்சம்.

என் கணக்கு: பாரிஸ் 4, இன்டர்லாகன் 4, ஃப்ளாரன்ஸ் 2, ரோம் 3. நான்கே ஊர், மூன்றே இடமாற்றம். ஆம்ஸ்டர்டாமும் பிரஸ்ஸல்ஸும் எங்கும் ஓடிப்போகாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 12ஆம் தேதி அதிகாலை 3, 4 மணி விமானம் என்றால் 11ஆம் தேதி வெள்ளி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். கோவையிலிருந்து ரயில் புக் செய்யும்போது இந்தத் தேதியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

முத்திரை:

விசா பற்றி மட்டும் சொல்கிறேன். நீங்கள் போகும் நாடுகள் எல்லாமே ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடியவை.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. மேலே ஊர்சுற்றி சொன்னபடி பிரான்ஸ் 4, சுவிஸ் 4, இத்தாலி 5 என்றால் இத்தாலி. பாரிஸில் இறங்குகிறோமே என்று பிரான்ஸுக்குப் போடக் கூடாது. அதேபோல விண்ணப்பித்த பிறகு ‘ரோமில் ஒன்றைக் குறைத்து பாரிஸில் கூட்டிவிடலாம்’ என்று மாற்றினால் அதிக நாள் பிரான்ஸுக்குப் போய்விடும், எல்லையில் கேட்டால் பதில் இருக்காது. இரவுக் கணக்கை முடிவு செய்துவிட்டுத்தான் விண்ணப்பத்தைத் தொடவேண்டும்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாள் கடைசிக் கெடு. வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரை இழுக்கவும் அவர்களுக்கு விதி இடம் தருகிறது. கோடைக்காலத்தில் விஎஃப்எஸ் (விசா விண்ணப்பங்களை வாங்கும் நிறுவனம்) அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய பாடு. ஜூன் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விஎஃப்எஸ் சேவைக் கட்டணம். மறுத்தாலும் திரும்ப வராது.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், இறங்கும் நாள் முதல் கிளம்பும் நாள் வரை இடைவெளி இல்லாமல். பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வழங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கத்தோடு இருக்க வேண்டும். உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் துணைவர் பெயர் இல்லையென்றால் திருமணப் பதிவுச் சான்றை இணையுங்கள். ஒருவர் வருமானத்தில் இன்னொருவர் போகிறார் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

மறுப்பு வருவதற்கு அடிக்கடி காரணமாவது இரண்டு. ஹோட்டல் தேதியும் ரயில் தேதியும் ஒன்றோடொன்று முட்டுவது ஒன்று. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் மொத்தமாகப் பணம் வந்து உட்கார்ந்திருப்பது இன்னொன்று. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளையே பிடியுங்கள்.

விசா ஸ்டிக்கர் வந்ததும் இரண்டு கட்டங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ‘எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை’ என்பது வேறு, ‘எத்தனை நாள் தங்கலாம்’ என்பது வேறு. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் சேரும். 12 முதல் 25 வரை என்றால் 13 இரவு, ஆனால் 14 நாள்.

பாரிஸ் விமான நிலையத்தில் இப்போது முகப்படம் எடுத்துக் கணினியில் பதிகிறார்கள், விசாவுக்குக் கொடுத்த கைரேகையை மறுபடி பதிவதில்லை. 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய முறை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் இது. வரிசை நீளும். அன்றைக்கு மாலைக்கு டிக்கெட் எதுவும் வாங்கி வைக்காதீர்கள்.

தண்டவாளம்:

யூரெயில் பாஸ் உங்களுக்கு வேண்டாம். நீண்ட ரயில் மொத்தமே மூன்று நாள்தான். பாஸ் இருந்தாலும் பிரான்ஸ்–சுவிஸ் அதிவேக ரயிலான டிஜிவி லிரியாவிலும் இத்தாலியின் அதிவேக ஃப்ரெச்சா ரயில்களிலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்குப் பதில் மூன்று, நான்கு மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுத்தால் மலிவு. மலிவு டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது அல்லது மாற்றக் காசு கேட்பார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸிலிருந்து கிளம்பும் ஸ்டேஷன் கார் து லியோன். பெயரில் லியோன் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், பாரிஸுக்குள்தான் இருக்கிறது. கார் து நோர் என்பது வேறு ஸ்டேஷன், அங்கே போய் நின்றால் ரயில் போய்விடும். சுவிஸ் எல்லை நகரமான பாசல் வரை 3 மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கே மாறினால் பெர்ன் வழியாக இன்டர்லாகன் ஓஸ்ட் ஸ்டேஷன் 2 மணி நேரம். சுவிஸுக்குள் சாதாரண ரயில்களுக்கு இருக்கை முன்பதிவு தேவையில்லை, ஒன்றை விட்டால் அடுத்தது.

இத்தாலியில் பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால், ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கம் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகித் தேதி அச்சிட்டாக வேண்டும். செய்யாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். இருக்கை எண் போட்ட அதிவேக ரயிலுக்கு இது வேண்டாம்.

இனி ஊர்சுற்றிக்கு: நீங்கள் போட்ட திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. 20 ஞாயிறு, 21 திங்கள் என்று இரண்டு இரவு ஃப்ளாரன்ஸ். முழு நாள் கிடைப்பது திங்கள் மட்டும். உஃபிட்சி, அக்காதெமியா அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. டேவிட் சிலையைப் பார்க்காமல் ஃப்ளாரன்ஸ் போவானேன்?

ஊர்சுற்றி:

சரிதான், கிழமையைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

கோவைக்காரன்:

அப்படியானால் ஃப்ளாரன்ஸுக்குப் பதில் வெனிஸ் வைத்துக்கொள்ளலாமா? ஆம்ஸ்டர்டாமை விட மனைவி ஒப்புக்கொண்டுவிட்டார், வெனிஸை மட்டும் விடமாட்டேன் என்கிறார். சுவிஸ் பாஸ் எது வாங்குவது என்பதையும் சொல்லுங்கள்.

தண்டவாளம்:

தாராளமாக. இன்டர்லாகனிலிருந்து ஷ்பீட்ஸ் வழியாக மிலான், அங்கிருந்து வெனிஸ் 2 மணி 25 நிமிடம். மொத்தத்தில் அந்த ஞாயிறு ரயிலிலேயே போகும், 6 மணி நேரத்துக்கு மேல். மிலானில் மாறுவதற்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். எல்லை தாண்டி வரும் ரயில் தாமதமானால், தேதி மாற்ற முடியாத அடுத்த டிக்கெட் வீணாகும். வெனிஸ்–ரோம் சுமார் 4 மணி நேரம், மாறத் தேவையில்லை.

டிக்கெட்டில் ‘வெனேட்சியா சாந்தா லூச்சியா’ என்று இருக்கட்டும். ‘மெஸ்த்ரே’ என்பது கடலுக்கு இந்தப் பக்கம். அறை அங்கே மலிவு, ரயிலில் 10 நிமிடம்தான். ஆனாலும் இரண்டே இரவுக்கு அது வேண்டாம். பகல் கூட்டம் கலைந்த பிறகு, இரவு 9 மணிக்குச் சந்துகளில் நடப்பதுதான் வெனிஸ். சாந்தா லூச்சியாவிலிருந்து பெரிய பாலம் ஏறாமல் போகக்கூடிய இடத்தில் அறை பாருங்கள். நீர்ப்பேருந்து ஒரு முறைக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். பெட்டியை இழுத்துக்கொண்டு தடுமாறுவதைவிட அதுவே மேல்.

பனிமலை:

சுவிஸ் பாஸ் விஷயத்தில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘சுவிஸ் டிராவல் பாஸ்’ என்பார்கள். தினம் ஒரு ஊர், ஏரிப் படகு, அருங்காட்சியகம் என்று அலைபவர்களுக்கு அது சரி. நீங்கள் இன்டர்லாகன் ஒரே இடத்தில் 4 இரவு தங்கி மலை ஏறுகிறீர்கள். பனிமலை மேல் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்துக்குப் போக அந்தப் பாஸில் கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் இலவசம், அதற்கு மேல் 25 சதவீதம் மட்டுமே தள்ளுபடி. ‘ஹாஃப் ஃபேர் கார்டு’ என்றால் ஒரு மாதத்துக்கு ரயில், படகு, பெரும்பாலான மலை ரயில்கள் எல்லாமே பாதி விலை, யுங்ஃப்ராவ்யோக் உட்பட. இரண்டையும் உங்கள் பயணப் பட்டியலில் வைத்து சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் கூட்டிப் பாருங்கள். யுங்ஃப்ராவ்யோக் கட்டாயம் போவதென்றால் பெரும்பாலும் கார்டுதான் ஜெயிக்கும். ரிகி, ஷ்டான்சர்ஹோர்ன் மலைகள் போதும் என்றால் பாஸ், அவை இரண்டும் பாஸிலேயே அடக்கம்.

யுங்ஃப்ராவ்யோக் டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கிவிடாதீர்கள். 3,454 மீட்டர் உயரம், மேகம் மூடினால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு இறங்குவீர்கள். மலை உச்சியில் நேரலைக் கேமரா இருக்கிறது. காலை 6 மணிக்கு எழுந்ததும் அதைப் பாருங்கள், வெளிச்சமாக இருந்தால் அன்றே கிளம்புங்கள். நான்கு இரவு என்றால் மூன்று முழு நாள், அதில் ஒன்றாவது திறக்கும். மூடிய நாளில் லாட்டர்புருனன் பள்ளத்தாக்கில் நடக்கலாம், அருவிக்கு மேகம் தடையில்லை. மேலே போனதும் படியில் ஓடாதீர்கள், காற்று மெலிந்திருக்கும், தலை சுற்றும்.

ஞாயிறன்று சுவிஸில் கடைகள் அடைப்பு, பெரிய ஸ்டேஷன் கடைகள் தவிர. 20ஆம் தேதி ரயிலில் சாப்பிடுவதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அங்கே யூரோ இல்லை, ஃப்ராங்க். கார்டு இயந்திரம் ‘ரூபாயில் கட்டலாமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலை.

ஊர்சுற்றி:

கிழமையில் ஒருமுறை கோட்டைவிட்டதால் இந்தமுறை நாள்காட்டியை வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை, வெர்சாய் அரண்மனையும் ஓர்சே அருங்காட்சியகமும் திங்கள் விடுமுறை. ஆகவே 13 ஞாயிறு ஈஃபில் கோபுரமும் மோன்மார்த்ர் குன்றும், 14 திங்கள் லூவ்ர், 15 செவ்வாய் வெர்சாய். செவ்வாயன்று லூவ்ர் மூடியிருப்பதால் வெர்சாயில் கூட்டம் கூடும், காலை முதல் நேரத்துக்கே பதிவு செய்யுங்கள். ஈஃபில் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு இணையத்தில் திறக்கும், உச்சிக்கான நேரங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் இரண்டாம் தளம் வரை படியேறலாம், 674 படி.

ரோமில் புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு, புனித பீட்டர் சதுக்கம் நிரம்பிவிடும். 23 புதன் கொலோசியம், 24 வியாழன் வத்திக்கான் என்று வையுங்கள். கொலோசியம் டிக்கெட் 30 நாள் முன்பு திறக்கும், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும், வாசலில் பார்ப்பார்கள். வத்திக்கானில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அரைக்கால் சட்டை வேண்டாம். 25 வெள்ளி ரோமின் தெர்மினி ஸ்டேஷனிலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ், 32 நிமிடத்தில் ஃபியூமிச்சினோ விமான நிலையம், 14 யூரோ.

சைவச்சட்டி:

சாப்பாட்டுக் கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நெய், பால்கோவா, பால் சேர்ந்த எதையும் எடுத்துப் போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருபவர் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் போன்றவை போகும். ஊறுகாய், புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் திரவமாகக் கணக்கு வைத்துத் தூக்கிப்போடுவார்கள்.

பாரிஸில் கவலை வேண்டாம். கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் லா ஷபெல் பகுதி முழுக்க ஈழத்தமிழர் கடைகள். இட்லி, தோசை, இடியப்பம், காய்கறி எல்லாம் கிடைக்கும். இன்டர்லாகனில் சமையலறையுள்ள அறை எடுங்கள். அங்கே வெளியே ஒரு வேளை சாப்பிடும் காசில் கோப் கடையில் இரண்டு நாளுக்கு அரிசி, தயிர், காய் வாங்கிவிடலாம்.

‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் மட்டும் போதாது. பிரெஞ்சு வெங்காய சூப் மாட்டெலும்புச் சாற்றில் செய்வது வழக்கம், இத்தாலியக் காய்கறி சூப்பிலும் அப்படி நேரும். பார்மசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரைய வைக்கும் ரென்னட் உண்டு, அதைப் பாஸ்தா மேல் கேட்காமலே தூவுவார்கள். முட்டையும் வேண்டாம் என்றால் ‘ஃப்ரெஷ் பாஸ்தா’ எழுதியிருப்பதைத் தவிருங்கள், காய்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் ரவையும் தண்ணீரும்தான். தக்காளி, பூண்டு, ஓரிகானோ இலை போட்ட மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம்.

கோவைக்காரன்:

அனைவருக்கும் நன்றி. பாரிஸ் 4, இன்டர்லாகன் 4, வெனிஸ் 2, ரோம் 3, விசா இத்தாலி என்று மாற்றி எழுதிவிட்டேன். அறைகளை ரத்து செய்யும் வசதியோடு இன்றே பிடிக்கிறேன்.

முத்திரை:

பிடிக்கும்போது உறுதிச்சீட்டில் இருவர் பெயரும் வரும்படி போடுங்கள். ‘2 விருந்தினர்’ என்று எண்ணிக்கை மட்டும் இருந்தால் மனைவியின் விண்ணப்பத்தில் தங்குமிட ஆதாரம் இல்லை என்று கேள்வி வரலாம்.