நிறம் யார் கொடுத்தது? (ஈரோட்டு வாத்தியாருக்கு ஒரு கேள்வி)

திருப்பூர் பிரிண்ட்: நேற்று ஈரோட்டு வாத்தியார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஃபிராக்டல் படம் கலையே இல்லையாம். சூத்திரத்தைக் கொடுத்துப் பட்டனைத் தட்டினால் நிறம் உட்பட எல்லாம் தானாக வந்துவிடுமாம். நிறம் உட்படவா? பதினைந்து வருடமாகப் பனியனுக்கு டிசைன் போடுகிறேன். ஃபிராக்டலிலேயே பேர்போன மேண்டல்பிராட் படத்துக்கு நிறம் யார் கொடுத்தது, வாத்தியாரே?

ஈரோட்டு வாத்தியார்: கணக்குதான் தம்பி. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண், அதுதான் சி. பூஜ்யத்தில் தொடங்கு. வர்க்கம் எடு, சி-யைக் கூட்டு. வந்த விடையை மறுபடி அதே சூத்திரத்தில் போடு. மையத்திலிருந்து 2-க்கு மேல் விலகிய விடை அப்புறம் திரும்பாது, ஓடியே போய்விடும். எத்தனையாவது சுற்றில் விலகியது என்ற எண்தான் நிறமாகிறது. ஓடாத புள்ளி கறுப்பு. இதில் நீங்கள் வரைந்தது எது?

பொள்ளாச்சித் தென்னை: ஏனுங்க, ஃபிராக்டல்னா என்னன்னு முதலில் யாராவது சொல்லுங்களேன்.

திருப்பூர் பிரிண்ட்: தென்னை, எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் உள்ளே அதே மாதிரி உருவம் வந்துகொண்டே இருந்தால் அது ஃபிராக்டல். வாத்தியாரே, எண் வருகிறது, சரி. 37-ஆவது சுற்றில் ஓடிய புள்ளி மயில் நீலமா, மிளகாய்ச் சிவப்பா? அதை எந்தச் சூத்திரம் சொல்கிறது? 1978இல் புரூக்ஸ், மாடெல்ஸ்கி என்ற இரண்டு கணித ஆய்வாளர்கள் இதே உருவத்தை அச்சடித்தபோது வெறும் நட்சத்திரக் குறிகளாகத்தான் வந்தது. சூத்திரம் அதேதான். நிறம் எங்கே போயிருந்தது?

ஈரோட்டு வாத்தியார்: அது பிரிண்டரின் குறை. பிரெஞ்சுக் கணித மேதை காஸ்டன் ஜூலியா 1918இல் கம்ப்யூட்டரே இல்லாமல் இந்தக் கணக்கை எழுதினார். கலைஞன் என்றால் அவரைச் சொல்லுங்கள். பனியன்காரரை எதற்கு இழுக்கிறீர்கள்?

பவானிப் பாவு: பனியன்காரர் என்று ஏன் இளக்காரம்? எங்கள் ஊர் ஜமக்காளத்தைக் குழித்தறியில் நெய்கிறவருக்கும் தறிதான் எந்திரம். பட்டை எந்த நிறம், எவ்வளவு அகலம் என்று தறியா முடிவு செய்கிறது?

சென்னிமலை நூல்: ஜமக்காளம் பேச்சு வந்ததால் கேட்கிறேன் அம்மணி, இப்போது சந்தையில் விற்கிறதில் எத்தனை குழித்தறி, எத்தனை பவர்லூம்?

பவானிப் பாவு: பெட்ஷீட் விற்கிறவர் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். புவிசார் குறியீடு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

திருப்பூர் பிரிண்ட்: தறிச் சண்டை அப்புறம். ஒரு படம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன், வாத்தியார் கேட்கட்டும். போன மாதம் மேண்டல்பிராட் படத்தில் கடல்குதிரைப் பள்ளத்தாக்கு என்கிற பகுதிக்குள் போனேன். பெயர்தான் பள்ளத்தாக்கு, படத்தில் கட்டைவிரல் அளவு இடுக்கு. 200 சுற்றோடு நிறுத்தினால் ஓரமெல்லாம் கறுப்புக் களியாக ஒட்டிக்கொள்கிறது. 5000-க்கு ஏற்றியதும் சுருள்கள் பிரிந்தன. இன்னும் உள்ளே போனால் கம்ப்யூட்டர் எண்ணை வைத்துக்கொள்ளும் சாதாரண டபுள் துல்லியம் பதினைந்து பதினாறு இலக்கத்தோடு தீர்ந்துவிடும், படம் கட்டம் கட்டமாக உடையும். அந்த இடத்துக்கு முன்னால் நிற்கத் தெரிய வேண்டும். நிறம் பட்டை பட்டையாக விழுந்தது, அதை இழைத்து எடுக்க ஒரு நாள். அப்புறம் வந்தது நிஜமான தலைவலி. ஸ்கிரீன் பிரிண்டில் கலருக்கு ஒரு ஸ்கிரீன். 256 நிறத்தை எட்டுக்குள் அடக்க வேண்டும். எந்த எட்டு? மூன்று தடவை சாம்பிள் திரும்பி வந்தது. நாலாவது தடவை மஞ்சளை எடுத்துவிட்டு ஈரக் களிமண் நிறம் வைத்தேன், பையர் ஓகே சொன்னார். அந்தக் களிமண் நிறத்தை ஜூலியாவா கொடுத்தார்?

ஈரோட்டு வாத்தியார்: இழைத்ததும் மடக்கை (லாக்) சூத்திரம்தான் தம்பி. கணக்கு போட்ட சாப்பாட்டில்தான் நீங்கள் ஊறுகாய் வைத்தீர்கள்.

திருப்பூர் பிரிண்ட்: சாப்பாட்டைப் பற்றி நீங்கள் பேசலாமா? போன வாரம் அரிசிம்பருப்புச் சாதத்தில் தக்காளி போடக் கூடாது என்று நாற்பது பதிவு எழுதியவர்தானே?

ஈரோட்டு வாத்தியார்: போடக் கூடாது. இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

பவானிப் பாவு: எங்கள் வீட்டில் போடுவோம்.

சென்னிமலை நூல்: அதான் ஜமக்காளமும் அப்படி இருக்கிறது.

பொள்ளாச்சித் தென்னை: கோலமும் ஃபிராக்டல்தானுங்களா? இல்லை, சும்மா கேட்டேன்.

ஈரோட்டு வாத்தியார்: சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் சிரோமனி 1970களிலேயே கோலத்துக்கு இலக்கணம் எழுதினார். பாருங்கள், கோலத்துக்கும் கணக்குதான்!

பவானிப் பாவு: எழுதட்டும். மார்கழிக் குளிரில் குனிந்து புள்ளி வைத்தது யாருங்க? எங்க ஆத்தா. கலர்ப்பொடி பிசைந்ததும் எங்க ஆத்தாதான்.

திருப்பூர் பிரிண்ட்: கலர்ப்பொடி! அம்மணி சரியான இடத்தில் பிடித்தார். வாத்தியாரே, பதில் இன்னும் வரவில்லை. 37-ஆவது சுற்று. நீலமா, சிவப்பா?

ஈரோட்டு வாத்தியார்: காலையில் முதல் பீரியட் எனக்கு. 37 என்ற எண்ணைக் கொடுத்தது யார் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

திருப்பூர் பிரிண்ட்: நீலமா, சிவப்பா?