கறி அரைக்கும் இயந்திரத்தைக் கழுவுவதும் காப்பதும்: எங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

மின்சாரக் கறி அரைக்கும் இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அரைப்பது பத்து நிமிட வேலை. அதைப் பிரித்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து எடுத்து வைப்பதற்குத்தான் அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்க நினைத்து நான் செய்த தவறை முதலில் எழுதுகிறேன். வேறு யாரும் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்கினேன்.

ஒரு நாள் இரவு அரைத்து முடித்ததும் கறி அரைபடும் தலைப்பகுதி, அதற்குள் சுழன்று கறியை முன்னே தள்ளும் திருகுத்தண்டு, முன்பக்கத்தை இறுக்கும் மரை வளையம், கறியை வைக்கும் மேல் தட்டு என எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அடுக்கி ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் திறந்து பார்த்தபோது, முந்தின நாள் வரை வெள்ளிபோல் இருந்த பாகங்கள் அனைத்தும் அடுப்புக்கரி பூசியதுபோல் மங்கிக் கிடந்தன. விரலால் தொட்டால் கருஞ்சாம்பல் தூள் ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்தேன், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்ட காரணம் இதுதான். வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் தலைப்பகுதியும் திருகுத்தண்டும் வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் தானாகவே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலமே அந்த உலோகத்துக்குக் காப்பு. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான பொடியில் உள்ள காரமும் சூடான நீரும் சேர்ந்து அந்தப் படலத்தை அரித்துவிடுகின்றன. எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, மென்மையான நார் கொண்டு தேய்த்ததில் ஒட்டும் தூள் பெருமளவு போயிற்று. போன பளபளப்பு மட்டும் திரும்பவே இல்லை. கறையைப் போக்கச் சலவைச் சோடாவைப் பயன்படுத்த நினைப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். அதுவும் காரம்தான், கருமை கூடுமே தவிரக் குறையாது.

இப்போது நான் பின்பற்றும் முறையில் அவசரத்துக்கு இடமில்லை. அரைத்து முடித்ததும் முதலில் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுகிறேன். கறியைச் சமைக்கப் போவதற்கு முன்பே, அதாவது கொழுப்பும் தசைநாரும் காய்ந்து ஒட்டிக்கொள்வதற்கு முன்பே, பாகங்களைப் பிரித்துவிடுகிறேன். முதல் அலசல் குளிர்ந்த நீரிலோ வெதுவெதுப்பான நீரிலோதான் நடக்கும். எடுத்த எடுப்பில் கொதிநீரை ஊற்றினால் கறியின் புரதம் வெந்து உலோகத்தோடு ஒட்டிவிடும். அதன் பிறகு அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். புரதம் போன பிறகு, கொழுப்பைக் கரைக்கச் சூடான நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவமும் போதும். தலைப்பகுதியில் கறியைப் போடும் குழாய்க்குள் பாட்டில் கழுவும் நீண்ட பிரஷைப் பயன்படுத்துகிறேன். அரைத்த கறி வெளியே வரும் துளைத்தட்டின் துளைகளில் சிக்கியவற்றை மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்துவிட்டு, தட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறேன். எல்லாத் துளைகளிலும் வெளிச்சம் தெரிந்தால்தான் அது கழுவப்பட்டதாகப் பொருள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். நான் கவனிக்காமல் விட்ட இடங்கள் நிச்சயம் இருக்கும்.

மறுமொழி

நண்பருக்கு அலுமினியம் கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்குக் கத்தி கற்றுக்கொடுத்தது. எங்கள் இயந்திரத்தின் கத்தியும் துளைத்தட்டுகளும் கார்பன் எஃகால் ஆனவை. கழுவி, துணியால் ஒரு முறை துடைத்து, அப்படியே பொருத்தி அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து மரை வளையத்தைத் திறந்தால், கத்தி தட்டின் மேல் எப்படி உட்கார்ந்திருந்ததோ அதே வடிவத்தில் தட்டில் துரு பதிந்திருந்தது. கத்தியும் தட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் தங்கிய ஒரு சொட்டு நீர், காற்றோட்டம் இல்லாததால் காயவே இல்லை.

ஆகவே, கழுவிய பின் பாகங்களை ஒருபோதும் பொருத்தி வைக்காதீர்கள். துடைத்த பிறகும் ஒரு துண்டின் மேல் தனித்தனியாகப் பரப்பி, துளைகளுக்குள் இருக்கும் ஈரமும் போகும்வரை விட்டுவிட வேண்டும். நான் கத்தியையும் தட்டுகளையும் தலைமுடி உலர்த்தியின் காற்றில் சிறிது நேரம் காட்டுகிறேன். அதன் பிறகு உணவுக்கு ஏற்ற தரமுள்ள கனிம எண்ணெயை (மினரல் ஆயில்) மெல்லிய படலமாகத் தடவி, தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். சமையல் எண்ணெய் தடவினால் என்ன என்று முதலில் எனக்கும் தோன்றியது. தடவியும் பார்த்தேன். இரண்டு மாதத்தில் அது பிசினாக இறுகி, சிக்கு வாடையும் அடித்தது. கனிம எண்ணெய் அப்படிக் கெடுவதில்லை. அடுத்த முறை பயன்படுத்தும் முன் சோப்பு நீரில் ஒரு முறை கழுவினால் அதுவும் போய்விடும்.

மறுமொழி

எல்லாவற்றையும் நீங்கள் சொன்னபடிதான் கழுவி வந்தோம். ஆனாலும் சில மாதங்களாக எங்கள் இயந்திரத்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் கெட்டுப்போன வாடை வந்தது. தலைப்பகுதியை மீண்டும் மீண்டும் கழுவினேன், வாடை போகவில்லை. ஒரு நாள் மூக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான், வாடை தலைப்பகுதியிலிருந்து வரவில்லை, அதைப் பொருத்தும் மோட்டார் பெட்டியின் வாய்ப்பகுதியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

திருகுத்தண்டின் பின்முனை மோட்டாரோடு சேரும் இடத்தில் எங்கள் இயந்திரத்தில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கிறது. அது தேய்ந்து விரிந்துவிட்டதால், கறியை அழுத்தும்போது வெளிப்படும் இரத்தமும் நீரும் பின்பக்கமாகக் கசிந்து, மோட்டாரின் தண்டைச் சுற்றியுள்ள குழிவில் தேங்கி அழுகியிருக்கின்றன. மோட்டார் பெட்டியைத் தண்ணீரில் முக்க முடியாது, குழாயடியில் காட்டவும் கூடாது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியைக் குச்சியின் முனையில் சுற்றி அந்தக் குழிவைத் துடைத்தேன். பழைய பல்துலக்கியின் நுனியால் ஓரங்களைத் தேய்த்து, மறுபடியும் துடைத்து, ஒரு நாள் முழுவதும் வாய்ப்பகுதி மேலே பார்க்காதபடி திறந்து வைத்து உலர விட்டேன். வளையத்தையும் மாற்றினேன். வாடை நின்றது.

எங்கள் வீட்டில் உடலின் நோய் எதிர்ப்பு குறைந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். அதனால் இந்தக் கண்டுபிடிப்பு என்னை மிகவும் கலங்க வைத்தது. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் 20 நிமிடத்திலேயே இரட்டிப்பாகக் கூடும். அரைத்த ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் உள்ளே 71 டிகிரி வரை வேக வேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை வலியுறுத்துவதும் இதனால்தான். இப்போது கழுவிய பிறகு, கறியைத் தள்ளும் பிளாஸ்டிக் கட்டையை மட்டும், சுமார் 4 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனையற்ற ப்ளீச் கலந்த நீரில் சில நிமிடங்கள் வைத்து எடுத்து, அலசி உலர்த்துகிறேன். ப்ளீச் அலுமினியத்தையும் எஃகையும் அரிக்கும் என்பதால் உலோகப் பாகங்களை அதில் போடுவதில்லை. சோப்பால் கழுவாமல் நேரடியாக ப்ளீச் நீரில் போடுவதும் வீண். ஒட்டியிருக்கும் கறித்துணுக்குகளே அதன் வலிமையைத் தின்றுவிடும்.

மறுமொழி

ரொட்டித் துண்டைப் போட்டு அரைத்துவிட்டால் இயந்திரம் சுத்தமாகிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு ஓராண்டு காலம் நானும் அதையே நம்பினேன். உள்ளே தங்கிய கடைசிக் கைப்பிடிக் கறியை வெளியே தள்ள ரொட்டி உண்மையாகவே உதவுகிறது. கழுவும் வேலையும் எளிதாகிறது. ஆனால் அது கழுவுதலுக்கு மாற்று இல்லை. ரொட்டித்தூளும் கொழுப்பும் சேர்ந்து திருகுத்தண்டின் மடிப்புகளில் களிபோல் படிந்திருந்ததை நானே கண்டேன்.

மறுமொழி

கழுவுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். கழுவிய பிறகு திரும்பப் பொருத்தும்போது நேர்ந்ததை நான் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் இயந்திரம் பழுதானது அங்கேதான்.

இந்தக் கத்தியின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். தட்டையான, கூரான பக்கம் துளைத்தட்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரு முறை கழுவி உலர்த்தியபின் நான் அதைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கறி துண்டாகாமல் நசுங்கி, கூழாகி, துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கியது. கறி சரியில்லை என்று எண்ணி, கட்டையால் இன்னும் அழுத்தினேன். மோட்டாரின் ஒலி கனத்தது. சட்டென ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. அதன் பிறகு மோட்டார் மட்டும் ஓடியது, திருகுத்தண்டு அசையவில்லை.

மோட்டார் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பழுது பார்ப்பவர் திருகுத்தண்டின் பின்முனையில் இருந்த சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தைக் காட்டினார். அதன் பற்கள் வரிசையாக நொறுங்கியிருந்தன. எலும்பு சிக்கினாலோ திருகுத்தண்டு இறுகி நின்றாலோ முதலில் உடைவதற்காகவே அது பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது, அது உடைவதால்தான் மோட்டார் பிழைக்கிறது என்று அவர் விளக்கினார். ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி நாமே மாற்றிவிடக்கூடிய பாகம் அது. இப்போது இரண்டு சக்கரங்களை எப்போதும் கையில் வைத்திருக்கிறேன்.

கத்தி மழுங்கினாலும் இதே கூழ்தான் வரும். கத்தியும் தட்டும் ஒன்றோடொன்று உரசி, ஒன்றுக்கொன்று பொருந்தித் தேய்கின்றன. ஆகையால் பல தட்டுகள் வைத்திருப்பவர்கள், எந்தத் தட்டோடு எந்தக் கத்தி பழகியதோ அதையே சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. தீட்டுவதற்கு, சமமான கண்ணாடியின் மேல் 400 எண் நீர் உப்புத்தாளை ஒட்டி, நீர் தெளித்து, கத்தியின் தட்டையான பக்கத்தை எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் சுற்றித் தேய்க்கிறேன், தட்டையும் அவ்வாறே. பழைய கீறல்கள் மறைந்து முகம் முழுவதும் ஒரே நிறமாகத் தெரிந்தால் போதும். தீட்டிய பின் உலோகத்தூள் போக நன்றாகக் கழுவ வேண்டும். கறி போடாமல் வெறுமனே ஓட விட்டாலும் கத்தியும் தட்டும் உரசிச் சூடாகி வேகமாக மழுங்கும். கழுவிப் பொருத்திய பின் சோதித்துப் பார்ப்பதற்காக நான் வெறுமனே ஓட விடும் வழக்கத்தை அதனால் விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கறியை விரல் தடிமனுக்கு நறுக்கி, தசைநாரை நீக்கி, ஓரம் விறைக்கும்வரை அரை மணி நேரம் உறைவிப்பானில் வைத்து அரைத்தால் கொழுப்பு உருகிப் பூசுவதில்லை. பூசாத கொழுப்பைக் கழுவுவது எவ்வளவு எளிது என்பதை ஒரு முறை செய்து பார்த்தால் தெரியும். தலைப்பகுதியையும் கூடவே குளிர வைத்தால் இன்னும் நல்லது.

முதல் பதிவை எழுதியவர்

அனைவருக்கும் நன்றி. வாடையைப் பற்றி எழுதியவரின் மறுமொழியைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் இயந்திரத்தின் வாய்ப்பகுதிக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளாக நான் ஒரு முறைகூடத் துடைத்திராத அந்தக் குழிவில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது. வாடை இன்னும் வரவில்லை, ஆனால் வருவதற்கு அதிக நாள் இல்லை. பிழிந்த துணியால் நான்கு முறை துடைத்த பிறகே துணி வெள்ளையாக வந்தது. ரப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. புதிய வளையம் கைக்கு வரும்வரை இயந்திரத்தைப் பயன்படுத்தப் போவதில்லை. கத்தியைக் கழற்றி, எண்ணெய் தடவி, தனியே டப்பாவில் வைத்துவிட்டேன்.