‘அலவன்ஸ்’ என்பதற்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

வி. – செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம்.

பொருளியல் மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் சில மாநில அரசுகள் கார்பனுக்கு விலை வைத்திருக்கின்றன. அதனால் ஆலைகளுக்கும் மின்கட்டணத்துக்கும் என்ன ஆகிறது என்பதுதான் நான்காம் இயல். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

‘கார்பன் பிரைசிங்’ என்பதற்குக் கார்பன் விலையிடல், மொத்த உமிழ்வுக்கு அரசு வைக்கும் ‘கேப்’ என்பதற்கு உச்சவரம்பு, ‘ஆக்‌ஷன்’ என்பதற்கு ஏலம். இவற்றில் சிக்கல் இல்லை. ‘அலவன்ஸ்’ என்ற இடத்தில்தான் நிற்கிறேன். ஒரு டன் கரியமில வாயுவை வெளியேவிட அரசு தரும் ஒப்புதல் அது. கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் பெரிய ஆலைகள், மின்நிலையங்கள், எரிபொருள் வழங்குவோர் எல்லோரும் தாங்கள் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ஒன்று என்று கணக்குப் பார்த்து அரசிடம் ஒப்படைக்க வேண்டும். வடகிழக்கு மாநிலங்களின் கூட்டுத் திட்டத்தில் மின்நிலையங்களுக்கு மட்டும் இந்தக் கடமை. அதுவும் 25 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு.

அகராதி ‘படி’ என்கிறது. பயணப்படி, அகவிலைப்படி வரிசையில் ‘உமிழ்வுப்படி’ என்று எழுதினால், புகைவிடுகிறவருக்கு அரசு பணம் கொடுக்கிறது என்று மாணவர் நினைத்துவிடுவார். வரைவில் இப்போது ‘உமிழ்வுரிமை’ என்று வைத்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

ச. – செவ்வாய் மதியம்

அம்மா, மின்துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘அலவன்ஸ்’ என்றே விட்டுவிடுங்கள். வோல்ட், வாட் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டோம், ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. மாணவருக்குப் புரிய வேண்டியது விலை எப்படி நகர்கிறது என்பது.

இயற்கை எரிவாயு நிலையம் ஒரு மெகாவாட்-மணி மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 0.4 டன் கரியமில வாயுவை விடுகிறது. அலவன்ஸ் விலை டன்னுக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மெகாவாட்-மணிக்கு 12 டாலர் கூடுகிறது, அதாவது யூனிட்டுக்கு 1.2 சென்ட். நிலக்கரி நிலையம் என்றால் ஏறக்குறைய ஒரு டன், யூனிட்டுக்கு 3 சென்ட். மொத்தச் சந்தையில் கடைசியாகத் தேவைப்படும் நிலையத்தின் விலையே எல்லோருக்கும் விலை. அந்தக் கடைசி நிலையம் எரிவாயு நிலையமாக இருக்கும் நேரத்தில், கரியே விடாத நீர்மின் நிலையத்துக்கும் அணு மின்நிலையத்துக்கும் அந்த 12 டாலர் போய்ச் சேர்கிறது.

இந்த இயலில் மாணவர் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஓர் ஆலை தன் புகைபோக்கியில் ஒன்றுமே விடாமல் இருக்கலாம், ஆனாலும் மின்கட்டணம் வழியாகக் கார்பன் விலையைக் கட்டும். ஒரு டன் அலுமினியம் உருக்கப் பதினான்கு மெகாவாட்-மணி அளவுக்கு மின்சாரம் வேண்டும், மேற்சொன்ன கணக்கில் 168 டாலர். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் டன்னுக்கு அரை மெகாவாட்-மணி போதும், 6 டாலரோடு முடிந்தது. சொல் எதுவாக இருந்தாலும் இந்த வேறுபாடு மறைந்துவிடக் கூடாது.

செ. – செவ்வாய் இரவு

> வரைவில் இப்போது ‘உமிழ்வுரிமை’ என்று வைத்திருக்கிறேன்

வேண்டாம் அம்மா. சட்டம் படித்தவள் என்பதால் இதில் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுகிறேன். கலிஃபோர்னியா விதிகளும் சரி, வடகிழக்குக் கூட்டுத் திட்டத்தின் மாதிரி விதிகளும் சரி, இது சொத்துரிமை ஆகாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. வரையறுக்கப்பட்ட ஓர் ஒப்புதல், அவ்வளவுதான். நாளைக்கு அரசு உச்சவரம்பை இறக்கினால் ‘என் உரிமையைப் பறித்தாய், ஈடு கொடு’ என்று எந்த ஆலையும் வழக்குப் போட முடியாதபடி வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். சட்டம் மறுத்ததை மொழிபெயர்ப்பு கொடுத்துவிடக் கூடாது.

‘அனுமதி’யும் உதவாது. காற்றுத் தூய்மைச் சட்டத்தின்படி ஆலைக்குத் தரும் அனுமதி வேறு. அதை ஏலத்தில் எடுக்க முடியாது, அடுத்தவருக்கு விற்க முடியாது. ‘ஒதுக்கீடு’ என்று யாராவது சொல்லும் முன்பே அதையும் தடுத்துவிடுகிறேன். ஆலைகளுக்கு இவற்றை இலவசமாகக் கொடுப்பதற்கு அந்தச் சொல் தேவைப்படும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ‘ஒதுக்கீட்டின் ஒதுக்கீடு’ என்று எழுத வேண்டிவரும்.

என் பரிந்துரை ‘இசைவு’. உமிழ்வு இசைவு, சேர்த்தால் உமிழ்விசைவு.

புலவர் ந. – புதன் அதிகாலை

அன்பர்களுக்கு.

செ. அம்மையார் சொன்ன இசைவு நல்ல சொல். ஆயினும் முதலில் அடிப்படையைப் பார்ப்போம். அரசன் ஒன்றைக் கடக்க விடுவதற்குப் பொருள் வாங்குகிறான். இதற்கு நம்மிடம் ஈராயிரம் ஆண்டாகச் சொல் இருக்கிறது: உல்கு. ‘உறுபொருளும் உல்குபொருளும்’ என்று குறள் 756 வேந்தன் பொருளை வகைப்படுத்துகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க மாக்கள் ‘வைகல்தொறும் அசைவின்றி’ உல்கு கொள்கிறார்கள். பொதிகளின்மேல் ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ அனுப்புகிறார்கள். எண்ணிப் பாருங்கள்: அந்தப் புலிப்பொறி இருந்தால் பொதி போகலாம், இல்லாவிட்டால் போக முடியாது. நீங்கள் கேட்கும் அலவன்ஸ் அதுவேதான். ஆகவே கார்பன் விலைக்குக் கரியுல்கு, அலவன்ஸுக்குக் கரிப்பொறி.

‘விலையிடல்’ என்பதை நான் ஏற்கவில்லை. வில் என்ற வினையடியிலிருந்து விலை; கொல் – கொலை, நில் – நிலை போல. விற்பவன் இருந்தால்தான் விலை. காற்றை விற்பவன் யார்?

கல்வெட்டிலிருந்தும் ஒன்று தருகிறேன். தீட்டு என்றால் எழுதித் தந்த ஆவணம். கைத்தீட்டு என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். இசைவுத் தீட்டு என்று வைத்தால் அம்மையாரின் சட்டப் பொருளும் வரும், பழைய வழக்கும் வாழும்.

க. – புதன் காலை

புலவர் ஐயா, உங்கள் புலமைக்கு வணக்கம். ஆனால் ‘தீட்டு’ வேண்டவே வேண்டாம். கல்வெட்டில் என்ன பொருளோ, இன்றைக்கு அந்தச் சொல் எத்தனை பேரை எத்தனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது என்று நமக்குத் தெரியும். மாசு பற்றிய பாடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் பழைய பொருளை ஒருவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாணவர் கையில் அந்தச் சொல்லைக் கொடுக்க நான் ஒப்ப மாட்டேன்.

‘கரிப்பொறி’ என்றதும் எனக்கு அடுப்பில் தெறிக்கும் நெருப்புப் பொறிதான் நினைவுக்கு வந்தது. அடுத்து எந்திரம், அதற்கும் அடுத்து எலிப்பொறி. முத்திரை என்ற பொருள் நான்காவதாகத்தான் வரும். கரி, கரிமம், கார்பன் சண்டைக்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். கரிம வேதியியல், கரிம உரம் என்று ‘கரிம’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. கையேட்டில் ‘கார்பன்’ இருக்கட்டும்.

செ. – புதன் காலை

உல்கு பற்றி. ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் உல்கு ஒரு வரி. இது வரியா இல்லையா என்பதில்தான் அங்கே நீதிமன்றங்கள் மோதிக்கொண்டன. கலிஃபோர்னியாவில் மாநில வணிகக் கழகமும் மார்னிங் ஸ்டார் என்ற தக்காளி பதப்படுத்தும் நிறுவனமும் ‘இந்த ஏலம் சட்டத்துக்குப் புறம்பான வரி’ என்று வழக்காடின. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ‘வரி அல்ல’ என்றது. வாங்குகிறவர் தானாக முன்வந்து வாங்குகிறார், கைக்கு வருவது மதிப்புள்ள பொருள், அதை விற்கவும் முடியும் என்பது காரணம். பென்சில்வேனியாவிலோ 2023 நவம்பரில் நேர்மாறான தீர்ப்பு. அது வரிதான், சட்டமன்றம் மட்டுமே விதிக்க முடியும் என்று சொல்லிக் கூட்டுத் திட்டத்தில் சேரும் விதியைத் தள்ளிவிட்டார்கள். 2025 நவம்பரில் அந்த மாநிலம் திட்டத்தைச் சட்டப்படியே கைவிட்டது.

ஒரே ஏற்பாடு, ஓரிடத்தில் வரி, மற்றோரிடத்தில் வரி அல்ல. நாம் ‘உல்கு’ என்று பெயர் வைத்தால் பென்சில்வேனியா பக்கம் தீர்ப்பு எழுதியவர்கள் ஆகிவிடுவோம். ‘விலை’ எந்தப் பக்கமும் சாயாத சொல். அதனால்தான் அதை விடக் கூடாது என்கிறேன்.

புலவர் ந. – புதன் மாலை

வழக்குச் செய்தி எனக்குப் புதியது, நன்றி. வரி என்ற கருத்தை விலக்க வேண்டுமானால் உல்கை வற்புறுத்தவில்லை. பொறியை விடுவதாக இல்லை. ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் இருந்தால் இடம் நோக்கிக் கொள்வதுதான் தமிழ் மரபு. ‘படி’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்? யாரும் குழம்புவதில்லையே.

உமிழ்விசைவு என்ற புணர்ச்சியைச் சிலர் தனி மடலில் பிழை என்றார்கள். பிழை இல்லை. ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்பது நன்னூல். கதவு + அழகு = கதவழகு.

ச. – புதன் இரவு

புணர்ச்சி சரியாகவே இருக்கட்டும் ஐயா. ‘உமிழ்விசைவு’ என்று படித்ததும் எனக்கு உமிழ்வு, விசை, விசைவு என்றெல்லாம் கண் ஓடியது. விசை எங்கள் துறையில் தினமும் புழங்கும் சொல். ஒரு பக்கத்தில் இருபது முறை இது வரும். ஒவ்வொரு முறையும் மாணவர் பிரித்துப் படிக்க வேண்டுமா?

கையில் இருக்கும் எளிய சொல்லை எடுங்கள்: உமிழ்வுச் சீட்டு. ஒரு சீட்டு ஒரு டன். வாங்கலாம், விற்கலாம், ஒப்படைக்கலாம். கடைசி வரிசை மாணவருக்கும் புரியும்.

வி. – வியாழன் காலை

சீட்டு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இதை ஏலம் விடுகிறார்களே! ‘சீட்டு ஏலம்’ என்று எழுதினால் நம்மவர் ஏலச்சீட்டு என்றுதான் படிப்பார்கள். தள்ளிச் சீட்டு எடுத்தவர் யார் என்று கேள்வி வரும்.

இன்னும் இரண்டு சொற்கள். ‘லீக்கேஜ்’ என்பதற்குக் கசிவு என்று வைத்திருந்தேன். அதே இயலில் மீத்தேன் கசிவும் வருகிறது. ‘பாஸ்-த்ரூ’வுக்கு, அதாவது கார்பன் செலவை வாங்குபவர் தலையில் ஏற்றுவதற்கு, செலவுக் கடத்தல் என்று ஒருவர் சொன்னார், எனக்கு ஒட்டவில்லை.

க. – வியாழன் மதியம்

கசிவு கட்டாயம் போக வேண்டும். மீத்தேன் கசிவு குழாயில் நடப்பது. இங்கே நடப்பதோ வேறு. ஒரு மாநிலத்தில் விலை ஏறியதும் சிமென்ட் உற்பத்தி எல்லை தாண்டிப் போகிறது, அல்லது விலை இல்லாத பக்கத்து மாநிலத்திலிருந்து மின்சாரம் வருகிறது. உலகத்துக்குக் கரி குறையவில்லை, இடம்தான் மாறியது. ‘இடம்பெயர் உமிழ்வு’ என்று வையுங்கள்.

இதைச் சரியாகப் புரியவைத்தால் இலவச ஒதுக்கீடு ஏன் என்பதும் தானாகப் புரியும். சிமென்டில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருவது. எரிபொருளை மாற்றி அதைக் குறைக்க முடியாது. அதனால்தான் வாஷிங்டன் மாநிலம் இப்படிப்பட்ட ஆலைகளுக்கு 2023 முதல் 2026 வரை முந்தைய ஆண்டுகளின் உமிழ்வை வைத்து வகுத்த அடிப்படை அளவு முழுவதற்கும் அலவன்ஸை இலவசமாகத் தருகிறது. அதன்பின் 2027 முதல் 97 விழுக்காடு, 2031 முதல் 94. கலிஃபோர்னியா எவ்வளவு உற்பத்தி செய்கிறார்களோ அதற்கேற்பத் தருகிறது. சிக்கனமாகச் செய்கிற ஆலைக்கு மிச்சம் இருக்கும், விற்றுக்கொள்ளலாம். வெளி மாநில மின்சாரத்தைக் கொண்டுவருபவரும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும்.

கடத்தல் வேண்டாம். சுமைமாற்றம் என்று வைத்தால் என்ன?

ச. – வியாழன் மாலை

சுமைமாற்றம் எங்களுக்கு வேறு. மின்சுமையை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற்றுவது அது. ‘செலவு கைமாறல்’ என்று சொல்லலாம், இல்லையென்றால் ஒரு வாக்கியமாகவே எழுதிவிடுங்கள்.

வி. அம்மா, எந்தச் சொல்லை எடுத்தாலும் டன்னைக் கவனியுங்கள். வடகிழக்குக் கூட்டுத் திட்டத்தில் ஒரு டன் என்பது 2,000 பவுண்டு, சுமார் 907 கிலோ. மேற்கில் 1,000 கிலோ. 2008 செப்டம்பரில் கூட்டுத் திட்டத்தின் முதல் ஏலம் 3.07 டாலருக்குப் போனது. 2023 பிப்ரவரியில் வாஷிங்டனின் முதல் ஏலம் 48.50. இவற்றை ஒரே அட்டவணையில் போடும்போது அடிக்குறிப்பு இல்லாவிட்டால் ஒப்பீடே தவறாகிவிடும்.

மின்கட்டணம் ஏறுகிறது என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். கலிஃபோர்னியாவில் மின் நிறுவனங்களுக்கு இலவசமாகத் தருவதை ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தை வீடுகளின் கட்டணத்தில் ‘பருவநிலைக் கழிவு’ (தள்ளுபடி) என்று திருப்பித் தருகிறார்கள். தகுதியுள்ள ஆலைகளுக்கும் தனியாக ஒரு கழிவு உண்டு. யூனிட் விலை ஏறியே இருக்கும், ஆனால் ஆண்டுக் கணக்கில் கையிலிருந்து போவது வேறு தொகை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இயலின் உயிர்.

செ. – வியாழன் இரவு

நேரமாகிவிட்டது, ஒரு சமரசம் சொல்கிறேன். ‘இசைவுச் சீட்டு’. இசைவு சட்டப் பொருளைக் காக்கும், சீட்டு கைக்கு எளிதாக இருக்கும், ஏலச்சீட்டுக் குழப்பமும் குறையும். முதல் முறை வரும்போது ‘உமிழ்வு இசைவுச் சீட்டு (அலவன்ஸ்)’, பிறகு ‘இசைவுச் சீட்டு’.

க. – வியாழன் இரவு

ஏற்கிறேன்.

ச. – வியாழன் இரவு

அடைப்புக்குறிக்குள் அலவன்ஸ் இருக்குமென்றால் எனக்கும் சம்மதம். முதல் தடவை மட்டும் போதாது, ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் வையுங்கள்.

புலவர் ந. – வெள்ளி அதிகாலை

பெரும்பான்மை எப்படியோ அப்படியே அச்சாகட்டும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இந்தியில் வழங்கும் ‘சிட்டி’க்கு உறவான சொல் சீட்டு, ஆங்கிலத்துச் ‘சிட்’டும் அந்த வழி வந்ததே. பொறி என்ற தூய சொல் இருக்கும்போது இதை நாட வேண்டிய தேவை எனக்கு விளங்கவில்லை. அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.

வி. – வெள்ளி காலை

அனைவருக்கும் நன்றி. ‘இசைவுச் சீட்டு’, ‘இடம்பெயர் உமிழ்வு’ இரண்டையும் இயலில் வைத்து அனுப்பிவிட்டேன். ‘பாஸ்-த்ரூ’ வரும் இடங்களை எல்லாம் வாக்கியமாக விரித்துவிட்டேன். ஐயாவின் மறுப்பைச் சொல்லடைவில் ‘பொறி’ என்ற மாற்றுச் சொல்லாகச் சேர்த்திருக்கிறேன். ஐந்தாம் இயலில் ‘ஆஃப்செட்’ (வேறிடத்தில் உமிழ்வைக் குறைத்து இங்கே கணக்கில் காட்டுவது) வருகிறது. ‘ஈடு’ என்று தொடங்கியிருக்கிறேன். செ. அம்மா, சட்டப்படி இதில் ஏதாவது தடை உண்டா?