பொருள்: இஸ்கீமியாவுக்கு ஒரு சொல் (வெள்ளிக்கு முன் தேவை)

அனைவருக்கும் வணக்கம். கணையப் புற்றுநோய் அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போது கொடுக்கும் நாலு பக்கக் குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மேல்வயிற்று உறுப்புகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் சீலியாக் தமனியைக் கட்டி சுற்றிக்கொண்டால் தமனியையும் சேர்த்து எடுக்கிறார்கள். அதனால் கல்லீரலிலும் இரைப்பையிலும் இஸ்கீமியா, அதாவது வேண்டிய ரத்தம் கிடைக்காத நிலை, வரலாம். 'குருதியூட்டக்குறை' என்று போட்டேன். படித்துவிட்டு அம்மா, "சத்துக் குறைவா? ஹார்லிக்ஸ் குடிச்சா சரியாயிடுமா?" என்கிறார்.
– க.

'குருதிமுடை' என்க. பணமுடை போல. இரத்தம் வடசொல். குருதியோ குறுந்தொகை முதற்பாட்டிலேயே 'குருதிப் பூ' என்று வந்துவிட்டது.
– மு.

ஐயா, முடை என்றால் நாற்றமும்தானே? நோயாளி கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடுவார். அப்புறம், வடசொல் ஆகாது என்றால் தமனியை என்ன செய்வீர்கள்? வடமொழியில் 'தம்' என்றால் ஊதுதல். கிரேக்க ஆர்ட்டீரியாவும் முதலில் மூச்சுக்குழாய்தான். இறந்த உடலில் தமனி வெறுமையாய்க் கிடந்ததைப் பார்த்து, அதில் காற்று ஓடுகிறது என்று பழங்கால கிரேக்க மருத்துவர் எராசிஸ்திராத்தஸ் நம்பினார். இரு மொழிக்காரர்களுக்கும் காற்றே தோன்றியிருப்பது வியப்பு.
– செ.

எங்கட பாடப்புத்தகங்களில தமனி இல்லை, நாடி. சிரை இல்லை, நாளம். யாழ்ப்பாணத்தில வாசிக்கிறவைக்கும் விளங்க வேணும்.
– த.

இங்கே நாடி என்றால் வைத்தியர் கை பிடித்துப் பார்ப்பது, தம்பி. இது 2 வருடம் முன்பே ஓடிய விவாத இழை.
– செ.

முதலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெருந்தமனியிலிருந்து கிளம்பும் இந்தச் சீலியாக் தண்டு மூன்றாகப் பிரிந்து இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்குப் போகிறது. 1953இல் கனடாவின் ஆப்பிள்பி இரைப்பைப் புற்றுக்காக இதை வெட்டினார், இரைப்பையையும் முழுதாக எடுத்தார். 1976இல் ஜப்பானியர் கணையத்தின் உடல், வால் பகுதிப் புற்றுக்கும் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் இரைப்பையை விட்டுவைக்கிறோம். தண்டு போனபின் கீழேயுள்ள குடல் தமனியிலிருந்து, கணையத் தலையைச் சுற்றிய சின்னக் குழாய்கள் வழியாக ரத்தம் எதிர்த்திசையில் ஏறிக் கல்லீரலைச் சேரவேண்டும். கல்லீரல் தமனியைக் கவ்வியால் அடைத்து, அப்பால் துடிப்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே வெட்டுவோம். சில இடங்களில் முன்கூட்டியே அந்தத் தமனியை அடைத்து மாற்றுவழியை அகலப்படுத்துவதும் உண்டு. அப்படியும் போதாவிட்டால் கல்லீரலில் ஒரு பகுதி செத்துப்போகலாம், இரைப்பை புண்ணாகி ஓட்டை விழலாம். ஆக ரத்தம் குறையவில்லை. குறைந்தால் அது சோகை. இருக்கிற ரத்தம் போய்ச் சேரவில்லை. 'குருதியெட்டாமை' எப்படி?
– டாக்டர் ந.

எட்டு ஆமை என்று படிப்பார்கள்.
– மு.

டாக்டர், உங்கள் மடலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இவ்வளவு ஆபத்துன்னா அப்ப ஏன் வெட்டுறாங்க?" என்கிறார்.
– க.

நியாயமான கேள்வி. எல்லோருக்கும் வெட்டுவதில்லை. சில மாதம் கீமோ கொடுத்து, நோய் அடங்கியவர்களுக்குத்தான். கட்டியை மிச்சமின்றி எடுக்க வேறு வழியில்லாதபோது இது ஒரு வாய்ப்பு. அங்குள்ள நரம்புப்பின்னலும் சேர்ந்து போவதால் சிலருக்கு முதுகுவலி விடும், பதிலுக்கு வயிற்றுப்போக்கு பிடிக்கும். தமனியைத் தொடாத அறுவையைவிட இதில் உயிராபத்து கூடுதல், எடுத்தபின்னும் நோய் திரும்புவது உண்டு. இதை மழுப்பாமல் எழுதுங்கள். சொல் எதுவானாலும் சரி.
– டாக்டர் ந.

எட்டாமைக்கு 5 பேர், ஊட்டக்குறைக்கு 3, முடைக்கு மு. ஐயா மட்டும். தலைப்பில் 'குருதியெட்டாமை', உள்ளே எல்லா இடத்திலும் 'ரத்தம் போய்ச் சேராமல்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். த., இலங்கைப் பதிப்பு வந்தால் நாடி என்று மாற்றித் தருகிறேன். நன்றி.
– க.

என் மறுப்பைப் பதிவு செய்க. சீலியாக்கை அப்படியே விட்டிருக்கிறீர்கள். கிரேக்கத்தில் அது வயிறு. நமக்கு 'அகடு' இருக்கிறது, 936ஆம் குறளில் 'அகடாரார்' பார்க்க. 'அகட்டுத்தமனி' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
– மு.